குளிர் எத்தினை பாகத்தில கிடக்குது?

போன கிழமை பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில இருந்து பெரியப்பாவோட கதைச்சுக்கொண்டிருக்கேக்க, கனடாவில மச்சானோட ட்ரோலிங் போனனான் எண்டு நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், மனுசன் வெத்திலையைத் துப்பிப்போட்டு என்னை ஏற இறங்கப் பாத்தார். "அங்கயும் றோலரோ? அங்கயும் அடியோட வழிச்சு அள்ளுறாங்களோ?" எண்டு கேட்டார். அவருக்கு ட்ரோலிங்கும், மடி இழுக்கிற றோலர்ப் படகும் ஒண்டுதான். மனுசன் வட்டக்கச்சிக்கு வந்து குளத்தில வலை போடத் தொடங்க முதல் முல்லைத்தீவில கனகாலம் கடல்தொழில் செய்தவர், இந்தியன் றோலர் வந்து வலையை அறுத்துக்கொண்டு போன கதை ஒரு இருவது தெரியும், 2017இல இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் வந்த பிறகும் ராத்திரியில கடல்ல லைற் வரிசையா நிண்ட கதை அதுக்கு மேல தெரியும். அதால நான் முதல்ல செய்ய வேண்டி இருந்தது, நான் றோலர்காரன் இல்லை எண்டு நிரூபிக்கிறது.

"மடி இல்லை பெரியப்பா, தூண்டில். போட் மெல்ல ஓடேக்க பின்னால தூண்டிலை இழுத்துக்கொண்டு போறது."

"அட, அறக்குளாவுக்கு நாங்கள் இழுக்கிறதுதானே."

"ஓம், அதுதான். ஆனா நூறடிக்குக் கீழ இழுக்க வேணும்."

அப்பதான் அவர் திரும்பி வடிவா இருந்தார். ஒரு பாகம் ஆறடி, நூறடி எண்டா பதினாறு பதினேழு பாகம். இரணைமடு நிரம்பி வான் கதவு திறக்கிற நேரம் அளவுகோல் காட்டுறதே 36 அடி, அதாவது ஆறு பாகம். பதினேழு பாகத்துக்குக் கீழ, அதுவும் ஓடுற போட்டில இருந்து, ஒரு தங்கூசியை, அதான் தூண்டில் நூலை, எப்பிடி இறக்கி வைக்கிறது? இதுதான் அவற்ர கேள்வி. போன வருசம் ஆடி மாசம் கனடாவில ஒன்ராறியோ ஏரியில நிண்டு நான் கேட்டதும் இதே கேள்விதான்.

கதையை ஒழுங்காச் சொல்லுறன். தங்கச்சின்ர மூத்தவளின்ர சாமத்திய வீட்டுக்கு விசா கிடைச்சு ரொறன்ரோவில ஸ்காபுறோ போனனான். மச்சான் என்னோட பள்ளிக்கூடத்தில ஒண்டா இருந்தவன், பேந்து தங்கச்சியக் கட்டினவன், அதால எங்கட கதை எல்லாம் டேய் மச்சான்தான். அவனும் வேலை இடத்துச் சிநேகிதர் ரெண்டு பேரும் காசு போட்டு ஒரு பழைய 21 அடி போட் வாங்கி வைச்சிருக்கிறாங்கள். அந்த ரெண்டு பேரில ஒராள் முல்லைத்தீவு அண்ணை, கடல்லயே பிறந்து வளந்த ஆள், இப்ப ராத்திரி ஷிஃப்ற் செய்யிறார். வேலை முடிஞ்சு நேர போட்டுக்கு வருவார், நித்திரை எப்ப கொள்ளுவார் எண்டு அவருக்கே தெரியாது.

"சமன் பிடிக்கப் போறம், வாறியோ?" எண்டு மச்சான் கேக்கேக்க எனக்கு உண்மையிலயே சிரிப்பு வந்திட்டுது. எங்களுக்குச் சமன் எண்டா ரின்மீன். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில நிவாரணத்தில வந்த ரின், வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பிரட்டினா ஒரு நேரச் சாப்பாடு ஓடிடும், அம்மா இண்டைக்கும் கடைக்குப் போய் "ஒரு சமன் தாங்கோ" எண்டுதான் கேப்பா. அந்த ரின்னுக்குள்ள இருக்கிறது அநேகமா வேற மீன், எல்லாம் கானாங்கெளுத்தி மாதிரி ஒரு சாதி, உண்மையான சமன் கண்ணால காணுற வரைக்கும் எனக்கு அது தெரியாது. 42 வயசு வரைக்கும் தெரியாது, சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு.

வெள்ளன மூண்டரைக்கு எழுப்பிப்போட்டான். என்ர பேருக்கு ஒருநாள் லைசன்ஸ் ஒண்டு முதல் நாளே எடுத்து வைச்சிருந்தான், அங்க லைசன்ஸ் இல்லாமல் தூண்டிலைத் தொடக்கூடாது. பிளஃபர்ஸ் பார்க் எண்டு ஸ்காபுறோவிலயே ஏரிக்கரையில ஒரு இடம், பெரிய மண் மலை மாதிரி வெள்ளைச் செங்குத்துக் கரை, அதுக்குக் கீழதான் போட் இறக்கிறது. ஆடி மாசம், பகல்ல வேர்த்து ஒழுகுது, ஆனா அந்த நேரம் தண்ணிக்கு மேல நிக்கேக்க பல்லுக் கிடுகிடுத்தது. கரையில நிண்டு பாக்க கடல்தான். ஒன்ராறியோ ஏரி கிட்டத்தட்ட 19,000 சதுரக் கிலோமீற்றர், எங்கட வடமாகாணத்தை ரெண்டு தரம் தூக்கிப் போட்டாலும் மூடாது, மிச்சம் கிடக்கும். ஆழமான இடம் 244 மீற்றர். அண்ணை அதை 133 பாகம் எண்டு எனக்குக் கணக்குப் பாத்துச் சொன்னார், கனடா வந்து இருவது வருசத்துக்கு மேல, இன்னும் பாகத்திலதான் எண்ணுறார்.

நான் ஏரித் தண்ணியைக் கையில அள்ளி வாயில விட்டுப் பாத்தன். உப்பில்லை. அண்ணை சிரிச்சார். "நானும் முதல் நாள் உதைத்தான் செய்தனான்."

இப்ப விசயத்துக்கு வாறன். நான் நினைச்சது என்னெண்டா, பெரிய ஏரி, நிறைய மீன், பின்னால ரெண்டு தூண்டிலை விட்டா கொத்தும் எண்டு. ஆனா போட் வெளிக்கிட்டு அரை மணித்தியாலமா ஒருத்தனும் தூண்டிலைத் தொடேல்ல. மச்சானும் அண்ணையும் ஒரு சின்னத் திரையைப் பாத்துப் பாத்து ஏதோ நம்பர் கதைச்சுக்கொண்டு நிண்டாங்கள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தஞ்சு, நாப்பத்தொம்பது எண்டு. மீன் எண்ணுறாங்கள் எண்டு நினைச்சன். பாத்தா ரெம்பரேச்சர். பரனைட்டில. மீனைத் தேடேல்ல, குளிரைத் தேடுறாங்கள்.

அந்த ஏரி கோடையில ரெண்டு ஏரி. மேல கிடக்கிறது வெயில்ல சூடான தண்ணி, செல்சியசில 20 டிகிரிக்கு மேல போகும், பிள்ளையள் குளிக்கும். கீழ கிடக்கிறது மாரிக் குளிர் இன்னும் போகாத தண்ணி, அடியில 4 டிகிரி 5 டிகிரிதான், ஏனெண்டா தண்ணி 4 டிகிரியிலதான் ஆகப் பாரம், அது கீழ போய்ப் படுத்திடும். ரெண்டும் லேசில கலக்காது. இடையில கொஞ்ச அடிக்குள்ள சட்டெண்டு சூடு விழும், ஒரு பாய் விரிச்ச மாதிரி, மேல கை வைச்சா சூடு, கீழ கை வைச்சா ஐஸ். தெர்மோகிளைன் எண்டு சொல்லுறது. சமனும் ட்ரவுட்டும் குளிர்த்தண்ணிச் சாதி, சூட்டில நிக்காது, ஆனா சாப்பாடு முழுக்க மேல் பக்கம், அதால ரெண்டும் சந்திக்கிற அந்தப் பாய்க்குக் கிட்டத்தான் சுத்திக்கொண்டு நிக்கும். சினூக் எண்டுற ராசாச் சமனுக்கு 12 டிகிரி அளவு, அதாவது பரனைட்டில ஐம்பத்துமூண்டு ஐம்பத்துநாலு. ஸ்டீல்ஹெட் எண்டுற ட்ரவுட் அதைவிடக் கொஞ்சம் சூடு தாங்கும், அதால மேல நிக்கும். லேக் ட்ரவுட் இன்னும் குளிர் கேக்கும், அது அடியில படுத்துக் கிடக்கும். ஒரே இடத்தில மூண்டு மாடி வீடு மாதிரி.

அப்ப இடம் முக்கியமில்லை, எந்த மாடி எண்டதுதான் முக்கியம். அந்த மாடி நேற்று இருந்த உயரத்தில இண்டைக்கு இருக்காது, அங்கதான் ஆப்பு.

முதல் நாள் எங்களுக்கு வைச்ச ஆப்பும் அதுதான். அதுக்கு முதல் ரெண்டு நாளா கிழக்குக் காத்து. அண்ணை கரையிலயே சொன்னார், "கொண்டல் ஊதியிருக்கு தம்பி, இண்டைக்குக் குளிர் பாதாளத்தில". எனக்கு விளங்கேல்ல. கொண்டல், கச்சான், சோளகம், வாடை எல்லாம் காத்துக்கு ஊரில கேட்ட பேர், அதை ரொறன்ரோவில வைச்சு ஒராள் சொல்லுறது காதுக்குப் புதுசா இருந்தது. அவர் விளங்கப்படுத்தினார். இவ்வளவு பெரிய ஏரியில காத்து ஊதினா மேல்தண்ணி காத்துப் போற பக்கமே நேர போகாது, பூமி சுத்துறதால வலப்பக்கமா ஒதுங்கிப் போகும். ரொறன்ரோ இருக்கிறது ஏரின்ர வடக்குக் கரையில. கிழக்குக் காத்து அடிச்சா மேல இருக்கிற சூட்டுத் தண்ணி எல்லாம் வடக்குப் பக்கம் வந்து குவியும், குளிர் கீழ அமுங்கும். மேக்குக் காத்து அடிச்சா சூட்டுத் தண்ணி தெற்கால அமெரிக்கன்ர பக்கம் போகும், அந்த வெறுமையை நிரப்பக் குளிர் கீழ இருந்து எழும்பி வரும், அண்டைக்குக் கரையில குளிக்கப் போனா கால் விறைக்கும். "எங்கட ஊரில கச்சான் எண்டா கண் எரியும், இஞ்ச கச்சான் எண்டாக் கால் விறைக்கும்" எண்டார். அதை நான் இன்னும் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பன்.

முதல் நாள் 130 அடிக்கு இறக்கியும் சரிவரேல்ல. அஞ்சு மணித்தியாலம் ஓடினம். ஒரேயொரு கொத்து, அதுவும் கழண்டிட்டுது. நான் போட்டுக்குள்ள படுத்து நித்திரை. தங்கச்சி குடுத்துவிட்ட ரொட்டியும் கட்டைச்சம்பலும் முடிஞ்சதுதான் அண்டைய மிச்சம்.

மூண்டு நாள் கழிச்சுத் திரும்பப் போனம். இடையில கச்சான் நல்லா ஊதிவிட்டிருந்தது. திரையைப் பாத்திட்டு மச்சான் "ஐம்பத்தஞ்சில ஐம்பத்துநாலு" எண்டு கத்தினான், ஐம்பத்தஞ்சு அடியில ஐம்பத்துநாலு டிகிரி. அதுக்குப் பிறகு அவங்கள் செய்த வேலையைப் பாக்க வேணுமே.

போட்டின்ர பின் மூலை ரெண்டிலயும் கிணத்துக் கப்பி மாதிரி ஒரு சாமான் பூட்டியிருக்கு, டவுன்றிகர். அதில ஒரு இரும்புக் கம்பி சுத்தியிருக்கு, கம்பி நுனியில ஒரு ஈயக் குண்டு, எங்கட தேங்காய்ப் பருமனில சின்னன், ஆனா 12 றாத்தல். குண்டுக்கு மேல ஒரு கிளிப். தூண்டில் தங்கூசியை ஒரு இருவது முப்பதடி பின்னால விட்டு, நடுவில பிடிச்சு அந்தக் கிளிப்பில கவ்வ வைக்கிறது, பேந்து சுவிச்சை அமத்தினா குண்டு தங்கூசியையும் இழுத்துக்கொண்டு கீழ போகும், எத்தினை அடி எண்டு ஒரு மீற்றர் எண்ணிக் காட்டும். வேண்டிய ஆழத்தில நிப்பாட்டி, றொட்டை, அதான் தூண்டில் தடியை, தாங்கியில குத்தி, சுத்தி இறுக்கினா றொட் வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும். மீன் அடிச்சா தங்கூசி கிளிப்பில இருந்து கழரும், குண்டுக்கும் மீனுக்கும் பிறகு சம்பந்தமில்லை, நீயும் மீனும்தான். இவ்வளவுதான் அந்தப் பதினேழு பாகத்தின்ர ரகசியம். நான் இதைச் சொல்லேக்க பெரியப்பா ஒரு நிமிசம் யோசிச்சிட்டு "கெட்டிக்காரன்" எண்டார், யாரை எண்டு கேக்கேல்ல.

அதைவிட டிப்சி எண்டு ஒரு பிளாஸ்ரிக் தட்டு, தண்ணி தள்ளுற தள்ளில அது சரிஞ்சு பக்கத்துக்கும் கீழுக்கும் இழுத்துக்கொண்டு போகும், பட்டத்தைத் தலைகீழாத் தண்ணிக்குள்ள ஏத்தின மாதிரி. ஈயம் உள்ளுக்கு வைச்ச நூல் ஒண்டு, பத்து யாருக்கு ஒரு நிறம், எத்தினை நிறம் விட்டம் எண்டு எண்ணினா ஆழம் தெரியும். ஏரியில ஒராளுக்கு ரெண்டு தூண்டில் விடலாம், மூண்டு பேருக்கு ஆறு, ஆறும் ஆறு ஆழத்தில, ஒண்டோட ஒண்டு சிக்காமல். போட்டைத் திருப்பேக்கதான் பயம். இரையைப் பற்றிச் சொன்னா நீங்கள் சிரிப்பியள். ஒரு அடி நீளத்துக்கு ஃபிளாஷர் எண்டு மினுங்குற தட்டு, அது சுத்திச் சுத்தி மினுக்கும், அதுக்குப் பின்னால கலியாண வீட்டுச் சரிகை மாதிரிக் குஞ்சம், அதுக்குள்ள முள்ளு. இருட்டில பச்சையா ஒளிருற கரண்டித் தகடுகளும் இருக்கு, விடிய முதல் அதுக்கு ரோச் அடிச்சு அடிச்சு ஒளி ஏத்தி விடுறாங்கள். எங்கட மண்புழு, கோதுமை மாக் கட்டி ஒண்டும் அங்க எடுபடாது.

வேகம் ஒரு பெரிய பைத்தியம். மணிக்கு ரெண்டரை மைல், நடக்கிற வேகம். சும்மா இல்லை, மேல ஒரு வேகம் கீழ ஒரு வேகம், ஏனெண்டா கீழ்த்தண்ணி வேற பக்கம் ஓடும், அதுக்கெண்டு குண்டுக்குப் பக்கத்தில ஒரு கருவி கட்டி அடி வேகத்தையும் அடிச் சூட்டையும் மேல பாக்கிறாங்கள். அண்ணைக்கு அதில நம்பிக்கை குறைவு. அவர் டவுன்றிகர்க் கம்பி எவ்வளவு சரிஞ்சு நிக்குது எண்டு பாத்தே சொல்லுவார், கூடச் சரிஞ்சா வேகம் கூட, நேர நிண்டாக் குறைவு. பேந்து கருவியைப் பாத்தா சரியாத்தான் இருக்கும். மச்சானுக்கு இதில ஒரு கடுப்பு இருக்கு, கருவிக்கு அவன் குடுத்த காசு அப்பிடி.

ஆறேகால் இருக்கும். நான் ரீ ஊத்திக்கொண்டு நிக்கிறன். இடப்பக்க றொட் படார் எண்டு நிமிர்ந்தது, ஒரு செக்கன் சும்மா நிண்டது, பிறகு தண்ணியைத் தொடுற அளவுக்கு வளைஞ்சுது, றீல் கத்தத் தொடங்கினது. அது சத்தமெண்டு சொல்லேலாது, அலறல். "எடு மச்சான், உனக்குத்தான்!" எண்டு அவன் என்னைத் தள்ளினான்.

றொட்டைக் கையில எடுத்தன். அதுக்குப் பிறகு நான் செய்தது முழுக்கப் பிழை. எங்களுக்குக் கைத்தூண்டில்தானே பழக்கம், மீன் இழுத்தா நாங்கள் இழுக்கிறது, விட்டாப் போயிடும் எண்டு சின்னனில இருந்து கையில ஊறிக் கிடக்கு. நான் றீல் பிடியை இறுக்கிப் பிடிச்சன், அது திரும்பிச் சுழண்டு என்ர விரல் மொழியில நாலு தரம் அடிச்சுது, ரத்தம். உடன நான் பெருவிரலை எடுத்து நூல் சுத்தின உருளையில வைச்சு அமத்தினன். அண்ணை "விடு தம்பி, ஓட விடு!" எண்டு கத்தினது கேட்டது. கேட்டது, ஆனா விரல் கேக்கேல்ல. ஒரு "டிக்" சத்தம். றொட் நிமிர்ந்து லேசாயிட்டுது.

ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. ஏதாவது சொல்லியிருந்தாப் பரவாயில்லை எண்டு இருந்தது. மச்சான் ஃபிளாஷர் போன கவலையில தண்ணியைப் பாத்துக்கொண்டு நிண்டான், அண்ணை என்ர விரலுக்கு பிளாஸ்ரர் ஒட்டினார். ஒட்டிக்கொண்டே சொன்னார், "ஊர்த் தூண்டில்ல நாங்கள் மீனை இழுக்கிறம். இதில மீனுக்குக் களைப்பு வரும் வரைக்கும் காவல் இருக்கிறம். அவ்வளவுதான்."

ஏழரைக்கு அடுத்தது. மேல, நாப்பதடியில விட்ட தூண்டில். ஸ்டீல்ஹெட். அது ஓடாது, பறக்கும். போட்டுக்குப் பின்னால ஐம்பது யார் தள்ளி வெள்ளித் தகடு ஒண்டு தண்ணிக்கு மேல நாலு தரம் எழும்பி விழுந்தது, அதை மச்சான் கொண்டு வந்தான், ஏழு றாத்தல். அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒண்டுமில்லை. பிறகு போட்டைத் திருப்பேக்க, வெளிப்பக்கத் தூண்டில் அடிச்சுது. திருப்பத்தில வெளிப்பக்கம் வேகமாப் போகும் உள்பக்கம் மெதுவாப் போகும், வெளியில அடிச்சா மீன் கூட வேகம் கேக்குது எண்டு அர்த்தம், இதையும் அண்ணைதான் சொன்னார், அந்த அவசரத்திலயும் சொன்னார்.

இந்தமுறை நான் பிடியை விட்டன். அது ஓடினது. நூல் எண்ணுற மீற்றர் 150 அடியில இருந்து 400 அடி வரைக்கும் போச்சுது, நான் சும்மா றொட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், வயித்தில றொட் அடியைக் குத்தி வைச்சு. நிண்டதும் சுத்தினன். திரும்ப ஓடினது. திரும்ப நிண்டன். கை நடுங்கத் தொடங்கினது, முழங்கால் போட் பக்கத்தில அடிபட்டுக் கண்டிப்போச்சு, இருவது நிமிசம் எண்டு மச்சான் சொன்னான், எனக்கு ஒரு போகம் விதைச்சு அறுத்த மாதிரி இருந்தது. கிட்ட வந்து பக்கம் திரும்பேக்கதான் முதல் தரம் வடிவாக் கண்டன். முதுகு கறுத்த பச்சை, அதில கறுப்புப் புள்ளி, வாலிலயும் புள்ளி, விலா வெள்ளி, வாய்க்குள்ள முரசு கன்னங்கரேல் எண்டு, அப்பிடிக் கறுத்த முரசு சினூக்குக்குத்தான். மச்சான் வலையைத் தலைப்பக்கமா விட்டுத் தூக்கினான். 18 றாத்தல். போட் தளத்தில அது அடிச்ச அடியில என்ர ரீக் கோப்பை பறந்திட்டுது.

விலாவில ஒரு ரூபாக் குத்தி அளவில வட்டமா ஒரு காயத் தழும்பு இருந்தது. லாம்ப்ரே எண்டு விலாங்கு மாதிரி ஒண்டு, தாடை இல்லை, வட்ட வாய் முழுக்கப் பல்லு, மீனில ஒட்டி இருந்து ரத்தம் குடிக்கும். அதுதான் அந்தப் பெரிய ஏரியளில லேக் ட்ரவுட்டை அழிச்சதில பெரும் பங்கு. திண்ண ஆளில்லாமல் அலைவைஃப் எண்ட சின்ன மீன், எங்கட சூடை மாதிரி, கணக்கில்லாமல் பெருகி, 1967இல மிச்சிகன் ஏரிக் கரையில கோடிக்கணக்கில செத்து ஒதுங்கி நாறினது. பெருகின அலைவைஃபைத் திண்ணட்டும் எண்டுதான் பசுபிக் பக்கத்துச் சமனைக் கொண்டு வந்து விட்டவை, மிச்சிகன்காரர் 1966இல கோஹோ, அடுத்த வருசம் சினூக், பிறகு ஒன்ராறியோ ஏரியிலயும். ஆக நான் பிடிச்ச மீன் அந்த ஏரிச் சாதியே இல்லை. அந்த ஏரிக்கெண்டு சொந்தச் சமன், அட்லாண்டிக் சமன், இருந்தது, ஆறுகளுக்குக் குறுக்க மில்லு அணை கட்டி, காடு வெட்டி, அளவுக்கு மீறிப் பிடிச்சு 1890களோட முடிச்சிட்டினம். இப்ப திரும்ப வளத்து விடுகினம்.

"பாத்தியே மச்சான், எங்கயோ இருந்து வந்து இஞ்ச வேர் விட்டது, இதில ஒரு கவிதை இருக்கடா" எண்டு மச்சான் தொடங்கினான். அண்ணை "கவிதையப் பேந்து பாப்பம், முதல்ல ஐஸைப் போடு" எண்டார். நானும் அண்ணையின்ர கட்சி. புலம்பெயர்ந்த மீன் எண்டு இதுவரைக்கும் எத்தினை பேர் எழுதியிருப்பினமோ தெரியாது, என்னை விட்டிடுங்கோ.

வீட்டில சமைச்ச கதை தனிச் சண்டை. தங்கச்சி வெந்தயம், பழப்புளி, ஊர்த்தூள் போட்டு குழம்பு வைச்சாள், சமன் எண்ணெய் மீன் பாருங்கோ, குழம்புக்கு மேல ஒரு விரல்கட்டைக்கு எண்ணெய் மிதந்தது, ருசி எண்டா ருசிதான் ஆனா ரெண்டு துண்டுக்கு மேல திகட்டும். பொரியல் திறம். அண்ணை தலையைக் கூழுக்கெண்டு வாங்கிக்கொண்டு போக நிண்டார், மச்சான் விடேல்ல. ஏனெண்டா அந்த ஏரி மீனை இஷ்டத்துக்குச் சாப்பிடேலாது, பழைய தொழிற்சாலைக் கழிவு பிசிபி எண்டது மீன்ர கொழுப்பில சேரும், பெரிய மீனில கூடச் சேரும், எந்த மீன், எந்த இடம், எத்தினை சென்ரிமீற்றர் எண்டு பாத்து மாசத்துக்கு எத்தினை தரம் சாப்பிடலாம் எண்டு ஒன்ராறியோ அரசாங்கம் அட்டவணை போட்டிருக்கு, பிள்ளைப் பெறுற வயசுப் பொம்பிளையளுக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் வேற கணக்கு. தோலையும் வயித்துக் கொழுப்பையும் சீவி எறிஞ்சாக் கொஞ்சம் குறையும். அண்ணை எல்லாத்தையும் கேட்டிட்டு, "வன்னியில சாகாதவன் கூழில சாகப்போறனோ" எண்டு தலையை எடுத்துக்கொண்டு போயிட்டார். மச்சான் அட்டவணையோட நிண்டான். மச்சான் சொன்னது சரி, ஆனா அண்ணையோட வாதாட ஏலாது.

வரேக்க மச்சான் எனக்கு ஒரு சின்ன வெப்பமானி தந்துவிட்டவன், தண்ணிக்குள்ள விடுறது, ஆகக் குறைஞ்ச சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஒரு வருசமா அலுமாரிக்குள்ள கிடந்தது. போன கிழமை இந்தக் கதை எல்லாம் கேட்ட பிறகு பெரியப்பா விடேல்ல. "கொண்டா பாப்பம், எங்கட குளத்தில குளிர் எத்தினை பாகத்தில கிடக்குது எண்டு."

அடுத்த நாள் பின்னேரம் வள்ளத்தில போனம். சிறுபோகத்துக்குத் தண்ணி விட்டு முடியிற நேரம், குளம் வத்தி, கரையில் சேறு வெடிச்சுக் கிடந்தது. கச்சான் முகத்தில அனல் மாதிரி அடிச்சுது. பெரியப்பா நைலோன் கயிறில பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில ஒரு கருங்கல்லுக் கட்டி, கல்லுக்கு ஒரு சாண் மேல வெப்பமானியைக் கட்டியிருந்தார். டவுன்றிகர்தான், கப்பி மட்டும் இல்லை.

மேல 31. ஒரு பாகத்தில 30. மூண்டாம் முடிச்சில கல்லு சேத்தில குத்தினது, கொஞ்ச நேரம் விட்டுத் தூக்கினா 29.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சார். "ரெண்டு டிகிரிக்கோ இவ்வளவு பாடு?" பிறகு வள்ளத்தைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனார், வெளிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாத இடம். "இதில விடு." நாலாம் முடிச்சும் தாண்டிப் போச்சுது. கனகராயன் ஆறு குளம் கட்ட முதல் ஓடின பழைய பள்ளம் அதுக்குக் கீழ கிடக்காம். இருவத்தெட்டரை. "கோடையில கட்லா இதுக்குள்ளதான் கிடக்கும், பெரிசெல்லாம். யப்பான் மீனுக்கு, அதான் திலாப்பியாவுக்கு, ஒண்டுமில்லை, அது வெந்நியிலயும் நிக்கும்." எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். வலை கழட்ட இறங்கேக்க காலுக்குத் தெரியுமாம்.

நான் வெப்பமானியைப் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினன். அங்க விடியப்புறம், ஷிஃப்ற் முடிஞ்சு வந்திருக்க வேணும், உடன குரல் பதிவு வந்தது. பெரியப்பா போனைக் காதில வைச்சுக் கேட்டார்.

"இருவத்தெட்டரையில எங்கட சமன் அவிஞ்சு செத்திடும் ஐயா. அந்தப் பள்ளத்தில வலை போட்டனீங்களோ, என்ன பட்டது எண்டு சொல்லுங்கோ. எனக்கு ஒரு விரால் கருவாடு அனுப்பேலுமோ எண்டும் பாருங்கோ."

பெரியப்பா போனைத் திருப்பித் தந்திட்டு, கயிறைச் சுத்தி வெப்பமானியை மடிக்குள்ள செருகினார். நான் கேக்கேல்ல, அவரும் தரேல்ல.